மூன்று பவுண்டு குறை

கார்ப் பந்தயத்தையே தொழிலாக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு வட கரோலினாவில் அறிவுரைப் பஞ்சம் கிடையாது. கார் பஞ்சம் உண்டு, டயர் பஞ்சம் உண்டு. அறிவுரை மட்டும் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

லோர்னா செட்சர் பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை பார்ப்பவள். அந்த வாரம் அவளால் நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க முடியவில்லை. ஃபோனை எடுத்துப் பேசிக்கொண்டே நடந்தாள், மணிக்கு நாலு தடவை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். சனிக்கிழமை மழை கொட்டினால் பந்தயம் நின்றுவிடும், ஹோலிஸ் ட்ரவுட்மன் வரமாட்டார்.

ட்ரவுட்மன் பெரிய பந்தயங்களில் நான்கு கார்களை இறக்குகிற முதலாளி. அதில் ஒன்றுக்கு ஓட்ட ஆள் இல்லை. உள்ளூர் அரை மைல் வட்டத்தில் சனிக்கிழமை ஜெயிக்கிறவருக்கு அந்த இடம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். லோர்னாவுக்கு முப்பத்தொரு வயது. மீசை முளைக்காத பையன்களாகப் பார்த்துப் பொறுக்குகிற தொழிலில் அது பாட்டி வயது. இதை விட்டால் அவளுக்கு வேறு சனிக்கிழமை இல்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும், பல் பிடுங்க வந்தவர்கள் எல்லாரும் வாயில் பஞ்சோடு உபதேசம் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

"முதல் வேலையா, ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற அப்பனுக்குப் பொறக்கணும். அது லேட்டாயிருச்சுன்னா பெட்ரோல் பங்க் வச்சிருக்கிறவனைக் கட்டிக்கணும்" என்றார் ஒரு கோழிப் பண்ணைக்காரர்.

"ஜெயிச்சதும் மைக்கை நீட்டுவான்" என்றாள் பாஸ்டரின் மனைவி. "ஆண்டவருக்கு நன்றி சொல்லு, அப்புறம் காருக்கு ஸ்பான்சர் பண்ண கம்பெனிக்குச் சொல்லு. நேரமில்லேன்னா கம்பெனிக்கு மட்டும் சொல்லிடு. ஆண்டவர் புரிஞ்சுக்குவார், கம்பெனிக்காரன் புரிஞ்சுக்கமாட்டான்."

"தண்ணி அளவா குடி, தாயி. அந்த கார்ல பாத்ரூம் கிடையாது" என்றார் தபால்காரர். ஒரு கார் பந்தயம்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள் லோர்னா. ஆனால் வயிற்றை என்ன செய்வது? அது கதவைச் சாத்திக்கொண்டது. சாண்ட்விச்சில் ஒரு கடி, காப்பியில் இரண்டு மடக்கு, அவ்வளவுதான். மிச்சத்தைத் தம்பி ராய்ஸ் தின்றான்.

அவள் காரைக் கட்டியதும் ராய்ஸ்தான். பந்தயத்தின்போது கோபுரத்தில் நின்று ரேடியோவில் அவளுக்குக் கண்ணாக இருப்பதும் அவன்தான். விதிப் புத்தகத்தை பைபிளைவிட ஒழுங்காகப் படித்தவன், எதையெல்லாம் எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காக.

சனிக்கிழமை மழை வரவில்லை. மதியம் இரண்டு மணிக்குப் பச்சைக் கொடி இறங்கியது. ஐம்பது சுற்று. நாற்பதாவது சுற்றில் லோர்னாவுக்கு முன்னால் ஒரே ஒரு கார்தான் இருந்தது. அது இருபது வயது கிளே பம்கார்னருடையது. அவன் அப்பாவுக்கு மூன்று ஒர்க்‌ஷாப்.

"அவசரப்படாதக்கா" என்றது ரேடியோ. "அவன் டயர் வழுக்குது. பொறு."

"பொறுக்க முடியலடா!"

"முடியலேன்னாலும் பொறு. இன்னும் பொறு. இப்ப! உள்ள விடு, உள்ள விடு!"

ஐம்பதாவது சுற்றின் கடைசி வளைவில் கிளேயின் கார் ஓர் அடி மேலே ஒதுங்கியது. அந்த ஓர் அடிக்குள் அவள் காரை நுழைத்தாள். இரண்டு கதவுகளும் உரசிக்கொண்டே வந்தன. கோட்டைத் தாண்டும்போது அவள் காரின் மூக்கு முன்னால் இருந்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் போட்ட கூச்சலில் ராய்ஸ் ரேடியோவைக் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.

ஜெயித்த கார் நேரே தராசுக்குப் போக வேண்டும். ஓட்டியவர் உள்ளேயே இருக்க வேண்டும், ஆளும் காருமாகச் சேர்த்து இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டுக்குக் குறையக் கூடாது. கூடினால் வேகம் போய்விடும் என்பதால் ராய்ஸ் எடையை எல்லைக் கோட்டிலேயே நிறுத்தியிருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை அக்காவை உள்ளே வைத்து, ஈயக்கட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அளந்திருந்தான். எரியப் போகிற பெட்ரோலைக் கழித்தான், தேயப் போகிற டயரைக் கழித்தான், அவள் வியர்வையைக்கூடக் கழித்தான். ஒரே வாரத்தில் அக்காவே தேய்வாள் என்பதை மட்டும் கழிக்க மறந்துவிட்டான்.

தராசுக்காரர் எல்வுட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கண்ணு, மூணு பவுண்டு குறையுது. இறக்கிட்டு இன்னொரு தடவை ஏத்துங்க. அதுலயும் குறைஞ்சா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

தள்ளி இறக்கினார்கள். பெல்ட்டைச் சரி பண்ணுகிற சாக்கில் ராய்ஸ் ஜன்னல் வழியாகக் குனிந்தான். ஏதோ கனமாக லோர்னாவின் மடியில் விழுந்தது. உள்ளங்கை அளவு ஈயக்கட்டி.

"ரேஸ் சூட்டுக்குள்ள போட்டுக்கக்கா. சீக்கிரம்."

எதிரே பத்தடியில் ட்ரவுட்மன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். லோர்னா கட்டியை இறுக்கிப் பிடித்தாள். அவள் யோக்கியத்தைப் பற்றி யோசிக்கவில்லை, பொய் சொல்வானேன். கிளேயை முந்தியது தன் ஓட்டமா, அந்த மூன்று பவுண்டுக் குறையா என்று ஆயுசு முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே என்றுதான் யோசித்தாள். ஜன்னல் வழியாக அதை வெளியே போட்டாள். சிமெண்டுத் தரையில் அது விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. எல்வுட் மட்டும் கேட்காத மாதிரி வானத்தைப் பார்த்தார்.

இரண்டாவது தடவையும் மூன்று பவுண்டு குறைந்தது. கோப்பை கிளேவுக்குப் போனது. மைக்கில் அவன் ஆண்டவருக்கும் ஏழு கம்பெனிகளுக்கும் நன்றி சொன்னான்.

லோர்னா காரிலிருந்து இறங்குவதற்குள் ட்ரவுட்மன் வந்துவிட்டார். ஈயக்கட்டியைக் குனிந்து எடுத்துக் கையில் எடை பார்த்தார்.

"இது யாரு வேலை?"

"என் வேலைதான் சார்" என்றான் ராய்ஸ். "அக்கா மேல தப்பில்ல."

"நான் கண்ணைச் சிமிட்டாம பாத்துட்டு நின்னேன். நீ இதை எப்ப உள்ள போட்டேன்னு எனக்கே தெரியல." அவர் முகத்தில் கோபமே இல்லை. "அந்த கார் எடையை எல்லைக் கோட்டுல நிறுத்தினதும் நீதானா? தம்பி, திங்கக்கிழமை எங்கிட்ட வேலைக்கு வந்துடு." பிறகு ஞாபகம் வந்தவராக லோர்னாவிடம் திரும்பினார். "நீ நல்லாத்தாம்மா ஓட்டுன. ஆனா ஓட்டுறதுக்கு ஆளு கிடைச்சுடும். இப்படி ஒரு கை கிடைக்காது."

லோர்னாவுக்கு முதலில் அவரை அறையத் தோன்றியது, அப்புறம் தம்பியை. இத்தனை வருஷம் அவளுக்காக ராத்திரி பகலாக கார் கட்டியவன், இப்போது திருடி மாட்டிக்கொண்டவனைப் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பொறாமை வந்தது. அதை விழுங்கினாள்.

"என்னடா முழிக்கிற? சரின்னு சொல்லுடா, மடையா."

"அடுத்த சனிக்கிழமை கோபுரத்துல நின்னு உனக்கு யாரு பாக்குறதுக்கா?"

"நானே பாத்துக்கறேன்" என்றாள். கழற்றிய ஹெல்மெட்டை மறுபடி எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். ட்ரவுட்மன் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.