யாரும் கை வைக்காத இரண்டு வாரம்

ஆட்களுக்கு வேலை வாங்கித் தருவதுதான் என் வேலை. கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், என்னைப்போல் கால் சரியில்லாதவர்கள், எதையும் கொஞ்சம் மெதுவாகப் புரிந்துகொள்பவர்கள் என்று பதினாறு வருடத்தில் இருநூறு பேருக்கு மேல் வேலையில் சேர்த்துவிட்டிருக்கிறேன். சேர்ப்பது பெரிய காரியமில்லை. சேர்ந்த இடத்தில் நிலைக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எனக்கு வாய் நீளம் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. ஒரு கால் குட்டையாகப் போனதற்கு எதையாவது வைத்து ஈடுகட்ட வேண்டாமா?

அந்தச் சலவைக்கூடத்து மேனேஜர் போன் செய்தது ஒரு திங்கட்கிழமை. மூன்று ஆஸ்பத்திரிகளின் பெட்ஷீட் எல்லாம் அங்கேதான் வெளுக்கும். துணி மடிக்கும் பகுதியில் என் ஆள் ஒருவரைச் சேர்த்துப் பத்து வாரம் ஆகியிருந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. முப்பத்தொரு வயது ஆள், ஆனாலும் அவன் அக்கா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எங்கள் எல்லோருக்கும் அவன் தம்பிதான். சொன்னது மண்டையில் ஏற நேரமாகும். ஏறிவிட்டால் இறங்காது.

"மேடம், தம்பி தங்கமான பையன். இங்க எல்லாருக்கும் செல்லம்," என்றார் மேனேஜர். "ஆனா வேலைதான் ஓட மாட்டேங்குது. ஒண்ணு பண்ணலாமா? பேரு எங்க லிஸ்ட்ல இருக்கட்டும், ஆளு வீட்ல இருக்கட்டும். மாசம் பொறந்தா சம்பளம் போயிடும். எங்களுக்கும் இப்படி ஒரு ஆள வெச்சிருக்கோம்னு காட்டணும்ல?"

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் என் கோபத்தைக் கிளப்பியது. கெட்ட எண்ணக்காரனோடு சண்டை போட்டுவிடலாம். இந்த மாதிரி ஆட்களிடம் என்ன சொல்லிக் கத்துவது? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு நேரே தம்பியின் வீட்டுக்குப் போனேன்.

அக்கா விஷயத்தைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள். "சம்பளம் வருதுல்ல மேடம்? அப்புறம் என்ன? தினமும் ரெண்டு பஸ் மாறி கொண்டு போய் விட்டுட்டு, திரும்பவும் போய்க் கூட்டிட்டு வந்து, எனக்கு இடுப்பு ஒடியுது. என் வேலைய நான் எப்பப் பாக்குறது?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அம்மா போனதிலிருந்து பதினைந்து வருடமாக அவனைக் கையில் பிடித்துக்கொண்டே நடப்பவள் அவள். வாசலில் உட்கார்ந்து வேலைக்குப் போடும் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்தான்.

"மேடம், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலப்பா."

"அப்ப ஏன் வர வேணாங்கறாங்க?"

"நாளைக்கு நானே வந்து பாக்கறேன்," என்றேன். அவன் அடுத்த ஷூவை எடுத்தான்.

மறுநாள் காலை சலவைக்கூடத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இஸ்திரி போடும் உருளையிலிருந்து ஷீட்டுகள் சுடச்சுட வந்து விழும். ஒன்றை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். பிறகு ஒருவர் மேசையில் வைத்து மூன்று மடிப்பு மடித்து அடுக்க வேண்டும். மடித்த பக்கம் வெளியே தெரிய வேண்டும், அப்போதுதான் வார்டில் எண்ண முடியும். தம்பிக்கு ஜோடி, அங்கே எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் பெண். குரலும் கையும் மனசும் எல்லாமே அவளுக்குப் பெரிசு.

மதியத்துக்குள் தம்பியின் கைக்கு இருபத்துமூன்று ஷீட் வந்தது. ஒன்றைக்கூட அவன் முடிக்கவில்லை. முடிக்க விட்டால்தானே! மூலையைத் தேடி ஒரு நொடி நின்றால் போதும், "குடு கண்ணு" என்று பெரியக்கா பிடுங்கிக்கொள்வாள். அவள் விட்டால் பக்கத்து மேசைக்காரி. அப்புறம் கன்னத்தில் ஒரு தட்டு. முகச்சவரம் செய்துகொண்டு வேலைக்கு வந்த ஆண்பிள்ளை, எட்டு மணி நேரம் கொஞ்சப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறான்.

சாப்பாட்டு நேரத்தில் பெரியக்காவைப் பிடித்துக்கொண்டேன். "என்ன பண்றீங்க நீங்க எல்லாம்?"

"நீங்கதானம்மா மொத நாள் சொன்னீங்க, கொஞ்சம் பாத்துக்கங்கன்னு? கண்ணு மாதிரி பாத்துக்கறோம்," என்றாள் அவள், பெருமையாக.

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், சொன்னேன். போகிற இடமெல்லாம் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். எனக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லியே ஒரு வேலையும் தராதவர்களைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவள், என் வாயாலேயே அவன் வேலையைக் கெடுத்திருக்கிறேன்.

மேனேஜரிடம் போய் இரண்டு வாரம் கேட்டேன். "ரெண்டு வாரம் யாரும் அவன் துணில கை வைக்கக் கூடாது. அதுக்கப்புறமும் ஓடலைன்னா நானே கூட்டிட்டுப் போயிடறேன்." அவர் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார்.

முதல் நாள் பதினோரு ஷீட். அடுக்கு சரிந்து மூன்று மறுபடி சலவைக்கே போனது. தம்பி சுவரோரம் உட்கார்ந்து அழுதான். பெரியக்கா போனில் என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். "உனக்கென்னம்மா கல்லு மனசு! பாத்துட்டு நிக்க முடியல, கை பரபரங்குது." "பரபரக்கட்டும்," என்று வைத்துவிட்டேன். வைத்துவிட்டு நானும் அழுதேன், அதை அவளிடம் சொல்வேனா?

நான்காம் நாள் வழி காட்டியது அக்காதான். சீக்கிரமே கூட்டிப்போக வந்தவள், அவன் மேசையில் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மேடம், அவனுக்குக் கோடு வேணும். வீட்ல தரைக் கல்லு ஓரத்துல வெச்சுத்தான் துணி மடிப்பான்," என்றாள். மூன்று மடிப்புக்கு மூன்று இடத்தில் மேசைமேல் சிவப்பு டேப் ஒட்டினோம். அன்று மாலைக்குள் நாற்பது. இரண்டாவது வாரம் முடியும்போது தொண்ணூறு. மற்றவர்கள் நூற்றிருபது மடிப்பார்கள். குறைவுதான், நான் மறைக்கவில்லை. ஆனால் அவன் அடுக்கில் ஒரு மடிப்புகூட மற்றதை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கவில்லை.

கடைசி நாள் மேனேஜர் வந்தார். அக்காவும் நானும் கதவோரம் நின்றோம். அவர் எண்ணிக்கையைக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். பெரியக்காவை நகரச் சொல்லிவிட்டு ஷீட்டின் மறுமுனையை அவரே பிடித்தார்.

இருவரும் நடந்து மூலைகளைச் சேர்த்தார்கள். தம்பி மூலையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். பிறகு மொத்த ஷீட்டையும் பிரித்துவிட்டான்.

"சார், கோணல். மறுபடி புடிங்க."

மறுபடி பிடித்தார். மறுபடியும் பிரித்தான். "இழுத்துப் புடிக்கணும் சார். தொங்குது."

மடிக்கும் பெண்களில் பாதிப் பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜரின் நெற்றி வேர்த்தது. "விட மாட்டியாப்பா?" என்றார்.

"கோணலா இருந்தா நர்ஸ் எண்ண முடியாது சார்."

நான்காவது தடவை மூலையோடு மூலை பொருந்தியது. "இப்ப சரி," என்று தம்பி ஷீட்டை வாங்கி, கோட்டுக்குக் கோடு மூன்று மடிப்பு மடித்து அடுக்கில் வைத்தான். மேனேஜர் அந்த அடுக்கை மேலிருந்து கீழ்வரை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

"எழுதிக்கங்க மேடம். நாளைலேருந்து இவரு நிரந்தரம்," என்றார். பையன் பையன் என்றே பேசிக்கொண்டிருந்தவர் வாயில் 'இவரு' வந்ததை நான் கவனித்தேன்.

அக்கா அழுதுகொண்டே ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தாள். "வாடா, வீட்டுக்குப் போலாம். சாரே இன்னிக்கு சீக்கிரம் அனுப்பிடுவாரு."

"போங்க, போங்க," என்றார் மேனேஜர்.

தம்பி கையை விடுவித்துக்கொண்டான். "ஷிப்ட் முடியலக்கா. இன்னும் ஒரு வண்டி துணி இருக்கு. நீ போ."

"நீ எப்படிடா வருவ?"

"மொதல்ல வெள்ளை பஸ். அப்புறம் பச்சை பஸ். தெரியும்." சொல்லிவிட்டு அடுத்த ஷீட்டின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு பெரியக்காவுக்காகக் காத்து நின்றான்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதன்பிறகு பஸ் நிறுத்தம் வரை இரண்டு கையையும் வீசி நடந்தாள்.