மடியில் வைத்த பை

ஓட்டுநர் இல்லாமல் ரயில் ஓடுகிறது என்று வில்லியனூரில் யாராவது சொல்லியிருந்தால், என் காதில் பூச்சுற்றாதே என்றிருப்பாள் ஜோஸ்பின். பாரீஸுக்கு வந்த பதினெட்டாம் நாள் முதன்முறையாகத் தனியாக மெத்ரோ ஏறியவள், இறங்குமிடத்தை டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்போம் என்று முன்பக்கம் போனாள். அங்கே டிரைவரும் இல்லை, அவர் உட்காரும் இடமும் இல்லை. வெறும் கண்ணாடி. சுரங்கத்து விளக்குகள் அவள் முகத்துக்கு நேரே பாய்ந்து வந்தன. மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டாள். பயமில்லை, அப்படியொரு பிரமிப்பு.

கூட்டம் ஏறியது. கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஊர்ப் பஸ்ஸில் செய்வதைத்தான் செய்தாள்: உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளின் மடியில் பையை வைத்தாள். நம் பஸ்ஸில் பை என்ன, பிள்ளையையே கொடுப்பார்கள். வாங்குகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். இந்த அம்மாளோ திடுக்கிட்டுப் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்த நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு வழிவிட ஜோஸ்பின் கீழே இறங்கி நின்றாள். கதவு மூடிக்கொண்டது. நிறுத்தச் சொல்ல டிரைவர் இல்லை, விசிலடிக்கக் கண்டக்டர் இல்லை. ரயில் போய்விட்டது.

பையில் பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் இருந்தன. பத்தரைக்கு அரசு அலுவலகத்தில் அவற்றைக் காட்டினால்தான் இந்த ஊரில் தங்குவதற்கான அட்டை கிடைக்கும். தவறினால் அடுத்த தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோட்டுக்குள்ளிருந்த போனை எடுத்துக் கணவன் லியோ பிரகாஷிடம் பை போனதைச் சொன்னாள்.

"பையக் கீழ வெக்காதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

"கீழ வெக்கலங்க. ஒரு அம்மா மடியில வெச்சேன்."

"இது இன்னா திருக்கனூர் பஸ்ஸாடி?" என்றான்.

அவளுக்கு அழுகை முட்டியது. அப்போது பிளாட்பாரத்தின் மறுபக்கம், எதிர்த்திசையிலிருந்து ஒரு ரயில் வந்து நின்றது. அந்த அம்மாள் இறங்கினாள், பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி.

படபடவென்று பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். திட்டினாளா, தேற்றினாளா, தெரியவில்லை. ஜோஸ்பினுக்குத் தெரிந்தது நன்றிக்குச் சொல்லும் 'மெர்சி' ஒன்றுதான்; அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். முன்பின் தெரியாத ஒருத்திக்காகப் போன வழியே திரும்பி வருவார்களா? ஓட்டுநர் இல்லாத ரயிலைக்கூட அவள் நம்பிவிட்டாள், இதைத்தான் நம்ப முடியவில்லை.

மணி பத்துதான் ஆகியிருந்தது. இருவரும் அடுத்த ரயிலில் ஏறினார்கள். காலியாக இருந்த ஒரே இடத்தில் அந்த அம்மாள் ஜோஸ்பினை உட்காரவைத்தாள். கம்பியைப் பிடித்து நின்றவள் சற்று யோசித்தாள். பிறகு தன் கைப்பையைக் கழற்றி ஜோஸ்பினின் மடியில் வைத்தாள்.