வீட்டுக்கு அனுப்பலாம்

சின்னவனைப் பார்க்க மனநல ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியே சீட்டி மாதிரி ஆயிட்டானே" என்று முனகினாள். முனகிய பிறகுதான் வாயை விட்டுவிட்டோமே என்று உறைத்தது. ஆனால் பக்கத்தில் நின்ற அவன் அக்கா பெரியவள் காதில் அது விழுந்துவிட்டது.

சின்னவன் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவன். மழைக்காலத்துக்கு முன்பிருந்தே அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. மீட்டருக்குள்ளிருந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். அக்காவும் அப்பாவும் வேலை அலுப்பு என்று விட்டுவிட்டார்கள். ஒருநாள் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரிலிருந்து மீட்டரைப் பிடுங்கித் தெருவில் எறிந்தான். போலீஸ்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. "உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "எங்க பரம்பரையிலேயே கிடையாது" என்று அப்பா ஒரே போடாகப் போட்டார்.

பெரியவள் அத்தையை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"சீட்டி யாரு அத்தை?"

"யாரோ. விடு."

"யாரோ மாதிரியா இவன் ஆயிட்டான்?"

அத்தை குரலைத் தணித்தாள். "எங்க சித்தப்பா. உனக்குச் சின்னத் தாத்தா முறை ஆகணும். தையல் மிஷின்ல உக்காந்தா சீட்டியடிச்சுக்கிட்டேதான் தைப்பாரு."

"கப்பல் வேலைக்குப் போய்க் கடல்ல விழுந்துட்டார்னு சொல்வீங்களே, அவரா?"

"கப்பலாவது கடலாவது. இந்த வாசல்லதான்டி கொண்டாந்து விட்டாங்க. நான் சொன்னேன்னு உங்கப்பன்கிட்ட வாயைத் திறந்துடாதே."

பெரியவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்த்தாள். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்குப் போனாள். தம்பிக்கு எந்த மருந்து ஒத்துவரும் என்று தெரிந்துகொள்ள உதவும் என்றுதான் டாக்டரிடம் சொன்னாள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

பதிவறையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் மூக்கில் துணி கட்டியிருந்தாள். "பழசுல பாதி கரையானுக்குப் போயாச்சு. எந்த வருஷம்?"

வருஷம் தெரியாது. அத்தைக்குப் போன் போட்டால், "நான் ரெட்டைப் பின்னல் போட்டிருந்த வயசு" என்றாள். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் குத்துமதிப்பாகத் தேடினார்கள். கட்டு அவிழ்த்தாலே விளிம்பு பொடிந்து மடியில் கொட்டியது. ஏடுகளில் எத்தனையோ பேர் வந்து போனார்கள்: கொல்லன், பள்ளி ஆசிரியை, ஊர் பெயர் தெரியாதவள், பேசாதவன். பெரியவள் நாலைந்து தடவை வந்துபோன பிறகுதான் தையல்காரர் அகப்பட்டார். பெயரும் சரி, அவருடைய அப்பா பெயரும் சரி.

முதல் பக்கங்கள் நெருக்கி எழுதப்பட்டிருந்தன. சாப்பிட மறுக்கிறார். தைக்கிற துணிக்குள் யாரோ ஊசிகளை ஒளித்து வைப்பதாகச் சொல்கிறார். கத்தரிக்கோலால் அண்ணன் கையைக் கிழித்துவிட்டார். படிக்கப் படிக்க அவளுக்குத் தம்பியின் குரலே கேட்டது. ஆனால் இரண்டாம் வருஷம் வேறு மாதிரி இருந்தது. நன்றாகத் தூங்குகிறார். குரல்கள் கேட்பதில்லை என்கிறார். நோயாளிகளின் உடுப்புகளைத் தைத்துக் கொடுக்கிறார். வீட்டுக்கு அனுப்பலாம். அண்ணனுக்குத் தகவல் கொடுக்கப்பட்டது. அண்ணன் என்றால் அவளுடைய தாத்தா.

அடுத்த வருஷமும் அதேதான். அதற்கடுத்த வருஷமும். கையெழுத்து மாறியது, மையின் நிறம் மாறியது, டாக்டர்கள் வந்து போனார்கள். வாசகம் மட்டும் மாறவில்லை: வீட்டுக்கு அனுப்பலாம், பதில் இல்லை. ஓரிடத்தில், 'எப்போது வருவார்கள் என்று தினமும் கேட்கிறார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். வெகுகாலம் தள்ளி இன்னொருவர், 'இப்போது கேட்பதில்லை' என்று எழுதியிருந்தார்.

வீட்டுக்கு அனுப்பலாம் என்று கடைசியாகப் போன தகவல் அண்ணன் மகனுக்கு. அவளுடைய அப்பாவின் பெயர். அவர்கள் இன்றும் குடியிருக்கிற வீட்டின் விலாசம். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு தையல்காரர் இறந்துபோனார். சாவுத் தகவலும் அதே விலாசத்துக்குப் போயிருந்தது. யாரும் வரவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. கட்டை மறுபடி கட்டிவைத்துவிட்டுப் பதிவறை அம்மாளிடம் கேட்டாள்.

"அவரை எங்கேம்மா புதைச்சாங்க?"

"சலவைக் கட்டடத்துக்குப் பின்னாடி. இப்போ அங்க வண்டிதான் நிறுத்துறாங்க."

அவளுடைய ஸ்கூட்டரும் அங்கேதான் நின்றது. வந்த நாளிலிருந்து அங்கேதான் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மருந்து நன்றாகக் கேட்கிறது, சின்னவனைக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொல்லி நாளாகிவிட்டது. "கீழ்வீட்டுக்காரங்க இன்னும் அதையே பேசிட்டிருக்காங்க. கொஞ்சம் ஆறட்டும்" என்று ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழித்தவர் அப்பாதான். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று அவளும் இருந்துவிட்டாள்.

"சின்னத் தாத்தா அந்த ஆஸ்பத்திரியிலதான் செத்தாராப்பா?"

பேப்பர் இறங்கவில்லை. "யார் சொன்னா?"

"எழுதி வச்சிருக்காங்க. அவருக்குச் சரியாயிடுச்சுன்னும் எழுதி வச்சிருக்காங்க. உங்க பேருக்கும் தகவல் வந்திருக்கு."

அப்பா பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். "தாத்தா போனப்புறம் வந்துச்சு. உனக்கு வரன் பார்த்துட்டிருந்த நேரம். பைத்தியக்கார வம்சம்னு பேராயிட்டா எவன் வருவான்?"

"அந்த வரனும் தட்டித்தானே போச்சு."

"அது எனக்கு அப்போ தெரியுமா?"

வரன் பார்க்க வந்தவர்கள் முன்னால் புதுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் சின்னத் தாத்தா உயிரோடு இருந்திருக்கிறார், பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில்.

"செத்தது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அன்னிக்கு நான் சாப்பிடலை."

அவளுக்கு அவர்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"நாளைக்குத் தம்பியைக் கூட்டிட்டு வர்றேன்."

"உன் இஷ்டம்."

"கையெழுத்து நானே போட்டுக்கறேன். நீங்க கதவை மட்டும் திறந்து வைங்க."

மறுநாள் ஆட்டோவில் சின்னவன் துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மருந்தில் முகம் உப்பியிருந்தது. "உள்ள மீட்டர் எல்லாம் பூட்டின ரூம்ல இருந்துச்சு அக்கா. நல்ல ஏற்பாடு" என்று சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

கொஞ்சதூரம் போனதும், "அன்னிக்கு அத்தை சொன்ன சீட்டி யாரு?" என்றான்.

சொன்னாள்.

"அவருக்குச் சரியாச்சா?"

"ரெண்டாம் வருஷமே சரியாயிடுச்சு."

"அப்புறம் வீட்டுக்கு வந்துட்டாரா?"

கப்பல் கதை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "இல்லடா. யாரும் போய்க் கூப்பிடலை" என்றாள்.

அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கடைகள் பின்னால் போயின. "எப்போ வீட்டுக்குப் போவேன்னு நானும் நர்ஸ்கிட்ட கேட்டுட்டே இருந்தேன்" என்றான். "போன வாரம் கேக்கறதை விட்டுட்டேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சில்லென்று இருந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அப்பா உள்ளறையில் இருந்தார், வெளியே வரவில்லை. கீழ்வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தார்கள். அவன் வேலைக்கு அலுவலகத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்பதை அவள் அந்த வாரம் முழுவதும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னபோது அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அப்பா அவனிடம் பேச ஆரம்பிக்க மாதமாயிற்று. சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபடி, அவன் முகத்தைப் பார்க்காமல், "மாத்திரை போட்டியா?" என்பார். "போட்டேம்ப்பா" என்பான் சின்னவன். அதற்கு மேல் பேச்சு வளராது. அப்பா எழுந்து போய் விளக்கை அணைப்பார்.