போனோடு வந்தவள்

என் தங்கையின் வலது மணிக்கட்டை உடைத்தவனுக்கு வழி காட்டியது என் குரல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததைக் கேட்டுவிட்டு, இவளுக்கு என்ன இவ்வளவு ஆத்திரம் என்று யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது.

நான் குரல் கொடுத்துப் பிழைப்பவள். லிஃப்ட் கதவு மூடுகிறது என்று எச்சரிப்பதும், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று கூசாமல் பொய் சொல்வதும் நான்தான். ஸ்டுடியோவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. எழுதிக் கொடுத்ததில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டாள், எழுதியவன் தப்பாக எழுதியிருந்தால் தப்பாகவே படிப்பாள் என்று. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் போன் கம்பெனி என்னைத் தேடி வந்தது.

அவர்கள் போனில் 'அருகில்' என்று ஒரு ஆப் இருந்தது. நாம் கேட்டு வாங்குவதில்லை, டப்பாவைப் பிரிக்கும்போதே உள்ளே சட்டமாக உட்கார்ந்திருக்கும். உறவுக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்டும். யாராவது பக்கத்தில் வந்தால் வாய்விட்டுச் சொல்லும். "உங்கள் அன்புக்குரியவர் அருகில் இருக்கிறார்." இந்த வரியில் பாசம் சொட்ட வேண்டும் என்றார்கள். சொட்டச் சொட்டச் சொன்னேன்.

தங்கை தன் புருஷனின் அடி தாங்காமல் வெளியே வந்து, ஒரு சலவைக் கடையின் மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இடம் எனக்கு மட்டும்தான் தெரியும், அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. 'அருகில்' ஆப்பை அவள் அணைத்துத்தான் வைத்திருந்தாள். அழித்துவிடலாம் என்று பார்த்தாள், அழிப்பதற்கான பொத்தானே அதில் இல்லை. ஒரு நாள் கம்பெனியிலிருந்து அப்டேட் வந்தது. போன் அணைந்து எழுந்தபோது ஆப்பும் கூடவே எழுந்துகொண்டது. பழைய கணக்கில் கணவர் என்று அவன் பெயர் இருந்தது. அவனுக்கு இவள் பெயரில் ஒரு செய்தி போயிற்று. 'நான் இங்கே இருக்கிறேன். அருகில் வாருங்கள்.' கீழே வரைபடம், தெருவும் கதவெண்ணும் உட்பட.

அவள் வேலை முடிந்து வந்தபோது அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் போனைத் தூக்கிக் காட்டினான்.

"எங்க போய் ஒளிஞ்சாலும் உங்க அக்காவே சொல்லிடுவா, கேளு."

போன் சொல்லியது. என் குரலில், என் பாசத்தில். அதற்கப்புறம்தான் அவன் அவள் கையைப் பிடித்தான்.

எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார், கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், அவன் அதற்குள் வீட்டுக்கு வந்து காட்டியிருந்த செய்தியை நினைத்துக்கொண்டார்.

"நீ கூப்பிடாம அவன் எப்படிம்மா வருவான்? வரச் சொல்லிட்டு அப்புறம் குத்தம் சொன்னா நல்லாவா இருக்கு?"

நாங்கள் போட்ட வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோதும் அவன் அதையேதான் சொன்னான். அவளே ஆசையாகக் கூப்பிட்டாள், போனேன், வாய்த் தகராறு வந்தது, படியில் தடுக்கி விழுந்தாள். ஆதாரம் கையில், அவள் பெயரில். தங்கை பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அவன் அடித்ததைத் தாங்கியவள், அப்பா நம்பாததைத் தாங்கவில்லை. என் வீட்டுக்கே வந்துவிட்டவள், ஜன்னல் பக்கம்கூட வராமல், இடது கையால் சாப்பிட்டுக்கொண்டு, யார் கதவைத் தட்டினாலும் குளியலறைக்குள் போய்விடுவாள். அவள் அனுப்பவில்லை, போன் தானாக அனுப்பியது. இந்த ஒரு வார்த்தை எங்களுக்கு வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் போனைச் செய்தவர்கள்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது போனோட வர்றதுங்க. எடுக்க முடியாது. வேணும்னா ஆஃப் பண்ணி வைக்கலாம்."

"ஆஃப் பண்ணித்தான் வச்சிருந்தா."

"அப்டேட் வந்தா தானா ஆன் ஆயிடும்."

"இப்ப சொன்னீங்களே, அதையே எழுதிக் குடுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேலிடத்துக்கு மெயில் போடச் சொன்னார். போட்டேன். பதில் வந்தது. 'வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் எங்கள் செயலி எந்தச் செய்தியையும் அனுப்புவதில்லை.' இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே சம்பளம். வாயால் ஒன்று, எழுத்தில் ஒன்று. அந்தப் பதிலை அவன் வக்கீலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் கம்பெனியின் விளம்பர மேனேஜர் எனக்கு போன் செய்தார். எப்போது பார்த்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பதால் ஸ்டுடியோவில் அவருக்கு 'இளிப்பு' என்று பெயர். அந்த மெயிலை எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பதிலையாவது மனுஷன் எழுதினானா என்பதே எனக்குச் சந்தேகம். புது போன் அறிமுக விழா, முதலாளி மேடையில் நின்று போனோடு பேசுவார், போன் பதில் சொல்லும்.

"போன் தானே சொல்லும், நான் எதுக்கு?" என்றேன்.

"உண்மையான போன் மேடையில திக்கிடும் மேடம். கேக்குறது ஒன்னு, சொல்றது ஒன்னு. நீங்க திரைக்குப் பின்னாடி மைக்கோட உக்காந்து படிச்சிடுங்க. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. நீங்கதான் ஒரு எழுத்து மாத்த மாட்டீங்களே, அதான் தைரியம்."

ஒப்புக்கொண்டேன். அப்போது எனக்குப் பழிவாங்கும் எண்ணம் இல்லை என்றால் நம்புவீர்களா? முதலாளியை நேரில் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டாவது அந்த ஒரு வரியை எழுதி வாங்கிவிடலாம் என்றுதான் போனேன்.

ஒத்திகையில் கேட்டும் விட்டேன். தங்கை, கை, கோர்ட், எல்லாம் சொன்னேன். முதலாளி கழுத்துப் பட்டையில் மைக்கைச் சரிசெய்துகொண்டே தலையாட்டினார்.

"பாவம்தான். ஆனா அப்படி எழுதிக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்மா." என்னைத் தாண்டி இளிப்பிடம், "இந்த லைட்டு கண்ணைக் கூசுதுய்யா" என்றார். விஷயம் முடிந்துவிட்டது.

தன் சொந்த போனை இளிப்பிடம் கொடுத்துவிட்டு மேடையேறினார். அது மேஜையில் என் முன்னால் கிடந்தது. இளிப்பு அதைத் திறந்து ஏதோ பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் தள்ளியும் 'அருகில்' கண்ணில் படவில்லை.

"இதுல அந்த ஆப் காணோமே?"

"சாருக்குக் குடுக்கும்போதே எடுத்துட்டுத்தான் குடுப்போம். அம்மாவுக்கும் பொண்ணுக்கும் அப்படித்தான். யார் எங்க இருக்காங்கன்னு ஊருக்குத் தெரியலாமா, பாதுகாப்பு பாருங்க."

"எடுக்க முடியாதுன்னாங்களே?"

"விக்கிறதுல எடுக்க முடியாது மேடம்" என்று சொல்லி இளித்தார்.

அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன். நாளை இதே மேடையில் இந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன்.

விழா அரங்கம் நிரம்பி வழிந்தது. பத்திரிகைக்காரர்கள், கடைக்காரர்கள், வரிசை வரிசையாகத் தூக்கிப் பிடித்த போன்கள். திரைக்குப் பின்னால் ஒரு சின்ன மேஜை, ஒரு மைக், நான். பக்கத்தில் ஒலிப்பதிவுக்காரர். கழுத்தில் எந்நேரமும் ஹெட்ஃபோன் தொங்குவதால் அவரை நாங்கள் 'காது' என்று கூப்பிடுவோம். என் மைக்கை மூடும் பொத்தான் அவர் விரலடியில் இருந்தது. ஸ்டுடியோவில் என் தங்கையின் கதை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் இன்று நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை அவரிடமும் சொல்லவில்லை.

முதலாளி போனைப் புகழ்ந்தார், போன் முதலாளியைப் புகழ்ந்தது. எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து மாற்றாமல் படித்தேன். கைதட்டல் சூடு பிடித்தது. பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்கலாமா?"

முதலாளி ஒரு நொடி விழித்தார். நேற்று நான் கெஞ்சியது அவர் நினைவிலேயே இல்லை, இளிப்பு கடைசி நேரத்தில் சேர்த்த தமாஷ் என்று நினைத்திருப்பார். முகம் மலர்ந்தது. "கேளேன்."

"உறவுக்காரர்களுக்கு நான் செய்தி அனுப்பும்போது, போன் வைத்திருப்பவர் என்னிடம் சொல்ல வேண்டுமா?"

"வேண்டவே வேண்டாம். அதுதானே உன் அழகு. அவங்க எதுவுமே செய்ய வேண்டாம், அவங்க பேர்ல நீயே அனுப்பிடுவ."

கைதட்டல்.

"என்னை அணைத்து வைத்திருந்தால்?"

"அப்டேட் வந்தா நீயே முழிச்சுக்குவ. பாசத்துக்கு ஏது தூக்கம்?"

அதற்கு இன்னும் பலத்த கைதட்டல். காது மெதுவாக என் பக்கம் திரும்பினார். புரிந்துகொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து, இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார்.

முதலாளி உற்சாகத்தில் அடுத்த கேள்விக்குப் போனார். "சரி, இப்ப என் குடும்பம் எங்க இருக்குன்னு சொல்லு பார்ப்போம்." உங்கள் மனைவியும் மகளும் இரண்டாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் படிக்க வேண்டும்.

"எனக்குத் தெரியாது."

சிரிப்பு எழுந்தது. முதலாளியும் சிரித்தார்.

"உங்கள் போனில் நான் இல்லை. உங்கள் மனைவி போனிலும் இல்லை, மகள் போனிலும் இல்லை. விற்கிற போனில்தான் என்னை எடுக்க முடியாது. உங்கள் வீட்டுப் போனில் எடுத்துவிட்டீர்கள்."

சிரிப்பு பாதியில் நின்றது. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "விளையாடுது, புதுசு பாருங்க" என்றார் அரங்கத்தைப் பார்த்து. குரலில் வழவழப்பு போய்விட்டிருந்தது.

"நான் விளையாடவில்லை. புருஷனுக்குப் பயந்து ஓடிவந்த ஒரு பெண் என்னை அணைத்து வைத்திருந்தாள். நான் விழித்துக்கொண்டு, அவள் பேரில் செய்தி அனுப்பி, அவனை அவள் வாசலுக்கே கூட்டிவந்தேன். அவன் அவள் கையை உடைத்தான். அவள் ஒப்புதலோடுதான் போயிருக்கும் என்று உங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்தது. இப்போது நீங்களே சொல்லிவிட்டீர்கள். அனுப்பியது அவளா, நானா?"

அவர் போனைக் கையில் எடுத்துப் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினார். அவருக்குப் பின்னால் இருந்த பெரிய திரையிலும் போன் கறுத்துப்போனது. வேர்த்துக் கொட்டிய முகத்தோடு, தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்.

"அணைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, நான் விழித்துக்கொள்வேன்."

அணைந்த போன் பேசியதும் அரங்கமே உறைந்தது. அவருக்கு இப்போது இரண்டே வழி. போன் சொன்னது உண்மை என்று ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லை போன் பேசவே இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். மனுஷன் யோசிக்கவில்லை. சட்டையில் மைக் இருப்பதை மறந்து திரைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"யாராவது அந்தப் பொம்பளைய நிறுத்துங்கய்யா."

முன்வரிசையில் ஒரு பத்திரிகைக்காரர் நிதானமாகக் கேட்டார். "எந்தப் பொம்பளைய சார்?"

இளிப்பு திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பல் வெளியே தெரியவில்லை. "ஏன்யா மைக்க மூடல?" என்று காதின் மேல் பாய்ந்தார்.

"கை மரத்துப்போச்சு சார்" என்றார் காது, கட்டிய கையை அவிழ்க்காமல்.

எனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. அன்று முழுக்க உள்ளுக்குள் இனித்துக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி எல்லோர் போனிலும் ஓடியது, அவர்கள் செய்து விற்ற போன்கள் உட்பட. கடைகளில் அந்தப் போனைக் கையில் எடுப்பவர்கள் எல்லாம், "எந்தப் பொம்பளை நீ?" என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்தார்கள். அதன் பிறகு இளிப்பு ஒரு முறை கூப்பிட்டார்.

"மேடம், வித்த போன்ல எல்லாம் உங்க குரலை எடுக்கச் சொல்றார் சார். எங்க ஆளுங்க உடனே முடியாதுங்கிறாங்க. அது வெறும் தமாஷ்னு நீங்க ஒரு வார்த்தை பேசிக் குடுத்துட்டா..."

அவர்களுக்குப் பிடித்த அதே குரலை எடுத்துக்கொண்டேன். "மன்னிக்கவும். நான் போனோடு வந்தவள். எடுக்க முடியாது." வைத்துவிட்டேன்.

அடுத்த வாய்தாவில் எங்கள் வக்கீலம்மா அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார். அவங்க எதுவுமே செய்ய வேண்டாம், அவங்க பேர்ல நீயே அனுப்பிடுவ என்று முதலாளியே சொல்வதை, அரங்கம் கைதட்டுவதை, நீதிபதி முகத்தில் எதையும் காட்டாமல் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அவன் வக்கீல் தன் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அவன் ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்தான். தங்கை கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்தாள். பார்வையைத் தாழ்த்தியது அவன்தான்.

வெளியே நீளமான நடைபாதையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். மகளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"இந்த போன் கம்பெனிக்காரங்களே மோசம்மா. யாரைத்தான் நம்புறது" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முன்னால் போய் நின்றாள். மாதக்கணக்காக யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவள்.

"கம்பெனிய விடுங்கப்பா. அவனை யாரு கூப்பிட்டா? அதைச் சொல்லுங்க."

அப்பா தரையைப் பார்த்தார். பக்கத்தில் வக்கீல்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். "நீ கூப்பிடலம்மா" என்றார், தனக்கே கேட்காத குரலில்.

என் தொழில் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் என்னோடு ஸ்டுடியோவுக்கு வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இன்னும் முழுதாக மடங்காத வலது கையைத் தூக்கி, ஒலிப்பதிவுக்காரர்கள் காட்டுகிற மாதிரி விரலைச் சுழற்றினாள்.

"சத்தம் பத்தலப்பா. இன்னொரு தடவை."