இந்தக் கதையில் நாய் சாகாது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் நாய் சாகாது. நிம்மதியாகப் படிக்கலாம். மனிதர்களைப் பற்றி அப்படியொரு வாக்குக் கொடுக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கதை பிறந்தது ஓர் ஆஸ்பத்திரி வாசலில். நாயை உள்ளே விட மாட்டேன் என்று காவலாளி ஒரே பிடியாக நின்றார். அவர் மட்டும் அன்று கொஞ்சம் இளகியிருந்தால் எனக்கு எழுத ஒன்றுமே இருந்திருக்காது. அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

'அன்று காலை வானம் வழக்கத்தைவிட...' என்று ஆரம்பித்திருந்தேன். அடித்துவிட்டேன். அன்று காலை வானத்தை யாரும் பார்க்கவில்லை. நாய்க்குக் காதில் சீழ், அவருக்குத் தொண்டையில் கட்டி, அவளுக்கு முட்டியில் வலி. வானம் அதன்பாட்டுக்கு இருந்திருக்கும்.

2

அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியாயிற்று. வருகிறவர் முகத்தில் ஒரு சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் தொழில்.

அவள் அவருடைய மனைவி. முதல் வரைவில் அவளை நூலகராக்கியிருந்தேன். ஆனால் நாய் சாகிற புத்தகத்தைக் கையால் தொட மாட்டேன் என்கிற நூலகரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? அதனால் கதை எழுதுகிறவள் என்று மாற்றினேன். (அவள் நானில்லை. எனக்கு வலி இடது முட்டியில். அவளுக்கு வலது.)

நாயின் பெயர் பெரியவர். குட்டியாக வந்தபோதே ஓய்வுபெற்ற அதிகாரியைப் போல ஒரு சலித்த முகம். மரியாதை தானாக ஒட்டிக்கொண்டது.

"பெரியவர் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டுட்டு, இப்பத்தான் கொஞ்சம் கண்ணசந்தார்."

"நான் சாப்பிட்டேனான்னு யாராவது கேக்குறாங்களா பாரு இந்த வீட்ல" என்று கண்ணாடிக்காரர் அங்கலாய்ப்பார். நாயின் தட்டைக் கழுவி வைப்பதும் அவர்தான்.

3

அவளுக்கு ஒரு பலவீனம். படத்தில் எத்தனை மனிதர்களை வேண்டுமானாலும் வெட்டிச் சாயுங்கள், கொறித்துக்கொண்டே பார்ப்பாள். ஒரு நாய் நொண்டினால் போதும், தேம்பித் தேம்பி அழுவாள். அன்றைக்குச் சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது.

அதனால் எந்தப் படமானாலும் முதலில் அவர் பார்ப்பார். அவள் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். முடிந்ததும் தீர்ப்பு வரும். "தாராளமா பாரு." இல்லையென்றால், "இது நமக்கு வேணாம்மா."

புத்தகமானால் விவகாரமான பக்கங்களையெல்லாம் சேர்த்து ஒரு கிளிப் போட்டுவிடுவார். அதைத் தாண்டிப் படித்துக்கொள்ள வேண்டியது. அந்த வீட்டு அலமாரியில் பாதிப் புத்தகங்கள் கிளிப்போடுதான் நிற்கின்றன. கல்யாண நாளுக்கு நகை வாங்கித் தருகிற புருஷன்மாரைப் பார்த்திருக்கிறாள். இந்த மாதிரி ஒருத்தரை அவள் பார்த்ததில்லை. அவர்மேல் அவளுக்கு உயிர். இதை நாசூக்காகச் சொல்ல ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், சரிப்படவில்லை. உயிர், அவ்வளவுதான்.

* வரைவைப் படித்த நண்பர், "நம்பும்படியா இல்லையே" என்றார். அவர் எந்தப் பிராணியும் வளர்ப்பதில்லை. விட்டுவிடுவோம்.

4

அவருடைய குரல் கரகரத்ததை வாடிக்கையாளர்கள்தான் முதலில் கவனித்தார்கள். "என்ன சார், தொண்டை கட்டிக்கிச்சா?" வெந்நீர், ஆவி, மாத்திரை எல்லாம் ஆயிற்று. கட்டியதாகத் தெரியவில்லை, கட்டி என்று தெரிந்தது. மருத்துவர் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

(மேலே இருக்கிற அந்த வார்த்தை விளையாட்டு எனக்கே பிடிக்கவில்லை. பயந்தால் இப்படித்தான் எழுதுவேன்.)

வீட்டுக்கு வந்து, "சின்ன வீக்கம்மா, ஒண்ணுமில்ல" என்றார். 'தாராளமா பாரு' என்கிற அதே குரல். அவளுக்குச் சுருக்கென்றது. இவர் எந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு இதைச் சொல்கிறார்?

முடிவு வந்துவிட்டது என்று போன் வந்த அன்று காலையில்தான் பெரியவரைக் காது வைத்தியத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். காதைச் சொறியாமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலோடு பெரியவர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அப்படியே ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினார்கள். வெயிலில் அவரை வண்டிக்குள் பூட்டிவிட்டுப் போக முடியாது.

"நாயை உள்ள விட முடியாதுங்க" என்றார் காவலாளி.

"இவர் நாய் மாதிரி நடந்துக்கவே மாட்டாருங்க" என்றாள் அவள்.

"யார் மாதிரி நடந்துக்கிட்டாலும் விட முடியாதுங்க."

ஆக, ஒருவர் வெளியே நிற்க வேண்டும். ஒருவர்தான் உள்ளே போக முடியும்.

5

"நீ இவரைப் பிடிச்சுக்கிட்டு நிழல்ல நில்லு. நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

இந்த இடத்தில், 'என் வாழ்க்கைக்குமா கிளிப் போடுவீர்கள்?' என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தேன். சினிமா வசனம். அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

"ரொம்பத்தான் பண்றீங்க. கயிறைப் பிடிங்க. நான் போறேன்."

"நீ தாங்க மாட்டேம்மா."

"தாங்காட்டி அழுவேன். அங்கேயே அழுதுட்டு வர்றேன்."

"டாக்டர் என்னைத்தானே வரச் சொன்னார்?"

"நீங்க போனா பாதியை மென்னு முழுங்கிட்டு மீதியைத்தான் எங்கிட்ட சொல்வீங்க. முழுங்கினதை உள்ளயே வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் தனியா புழுங்குவீங்க. பக்கத்துலயே படுத்துக்கிட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி நான் கிடக்கணுமா? என்னால முடியாதுங்க."

இத்தனை வருஷத்தில் அவர் காவல் நிற்காமல் அவள் எந்தக் கதவுக்குள்ளும் போனதில்லை.

"எல்லாத்தையும் சொல்வியா?"

"ஒண்ணு விடாம."

கயிற்றை வாங்கிக்கொண்டார்.

6

இங்கேதான் கதை மாட்டிக்கொண்டது. ஒரு வரைவில் மருத்துவர் புன்னகைத்தார். இன்னொன்றில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கதைகளில் கெட்ட செய்தி சொல்கிற டாக்டர்கள் எல்லாரும் ஏன் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள்? கண்ணாடிக்காரர் பார்த்தால் சண்டைக்கு வருவார். இரண்டையும் அடித்தேன்.

நடந்ததை எழுதுகிறேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மருத்துவர் கேட்டார், "அவர் வரலையா?"

"வெளியில இருக்கார். நாய்கூட" என்றேன்.

(என்றாள். சரி, போகட்டும். என்றேன். வலி இரண்டு முட்டியிலும்தான்.)

டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன். புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்டேன். இவர் இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்துவிட்டேன், நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே. அந்த வீட்டிலும் பெரியவர் வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தார். எழுந்து வெளியே வந்தேன்.

7

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் கேட்க வேண்டியவர் ஒருவர் வாசலில் நிற்கிறார். வரிசையில் வாருங்கள்.

புனல் கண்ணாடிக்காரர் காலில் இடிக்க இடிக்க, பெரியவர் என்னைக் கண்டு வாலாட்டினார். முதலில் கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கினேன். பிறகு சொன்னேன். எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. கேட்டுவிட்டு, வாகனங்கள் நிற்கும் இடத்துக் குட்டைச் சுவரில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

நல்ல செய்தி கேட்டாலும் மனிதர்கள் அப்படி உட்கார்ந்துவிடுவார்கள், கெட்ட செய்தி கேட்டாலும். எதற்காக உட்கார்ந்தார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்:

(                                        )

அதற்குப் பிறகு நடந்ததில் மட்டும் கை வைக்காதீர்கள். நீங்கள் எதை எழுதியிருந்தாலும் அது இப்படித்தான்.

"உள்ள அழுதியா?"

"இல்லியே."

"பொய்."

"கொஞ்சம். டாக்டரே பயந்துட்டார்."

அவர் சிரித்தார். கரகரவென்று, ஆனாலும் சிரிப்புத்தான். நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரியவர் எங்கள் இருவர் காலிலும் சமமாகச் சாய்ந்துகொள்ள முயன்று, புனல் விடாமல், கடைசியில் அவர் காலடியில் படுத்தார்.

"இன்னொரு தடவை சொல்லு. மெதுவா" என்றார்.

முதலிலிருந்து சொன்னேன்.