யூஜின் சொன்ன எண்

குமரிக் கடற்கரை ஊரான இனயத்தில் யூஜினைப்போலச் சந்தேகப் பேய் பிடித்த படகோட்டி வேறொருத்தன் கிடையாது. வயர்லெஸ்ஸில் பொய் சொல்லாத படகோட்டி எவன் இருக்கிறான்? மீன் பட்ட இடத்தைச் சொல்லிவிட்டால் மறுநாள் அங்கே முப்பது படகு வந்து நிற்குமே! ஆனால் யூஜின், மாதா மேல் சத்தியம் பண்ணிப் பொய் சொல்கிற ஆள்.

இரண்டாயிரத்துப் பதினான்கில், அவன் மனைவி ஞானசெல்வியின் தம்பி சிஜோ மார்த்தாண்டத்திலிருந்து புது ஜி.பி.எஸ். வழிகாட்டிப் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். அவனும் படகோட்டிதான்.

"அமெரிக்காக்காரன் செயற்கைக்கோளும் எடுக்கும், சீனாக்காரன் கோளும் எடுக்கும் மச்சான். நம்மாளு இப்பத்தானே ஒண்ணொண்ணா விடுகான்."

யூஜின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏலே, சீனாக்காரன் பக்கத்து நாட்டுக்கெல்லாம் ஏவுகணை விக்கான். அதுக்கு வழி சொல்லுகதும் இந்தக் கோளுதான். அவன் எனக்கு எதுக்குலே சும்மா வழி காட்டணும்? எம் பாரெல்லாம் எழுதிட்டுப் போவான்."

பார் என்றால் கடலடிப் பாறை. மீன் அண்டுகிற இடம். படகோட்டியின் சொத்தே அதுதான்.

"பெட்டி கேக்கும் மச்சான், பேசாது. நாம ரேடியோ கேட்டா, நம்ம வீட்டுல என்ன கறின்னு ரேடியோக்காரனுக்குத் தெரியுமா? பார் எண்ணெல்லாம் தாங்க, நானே ஏத்தித் தாறேன்."

அவ்வளவுதான். சீனாக்காரன் மேலிருந்த சந்தேகம் அப்படியே மச்சினன் மேல் தாவிவிட்டது. யூஜின் இருபத்திரண்டு பாரையும் நோட்டில் எழுதினான், ஒவ்வொன்றுக்கும் தீர்க்கரேகையில் கிழக்கே ஐந்து மினிட் கூட்டி. கடலில் அது ஐந்து மைல்.

ஞானசெல்வி பார்த்துவிட்டாள். "எந் தம்பிக்கே பொய் எழுதுதியளா? வெக்கமா இல்லியா?"

"சும்மா கெட ஏட்டி. பெட்டியில பொய் கெடக்கட்டும். நெசம் எந் தலையில இருக்கு."

சிஜோ எல்லாவற்றையும் ஏற்றித் தந்தான். ஓரிடத்தில் மட்டும் அவன் விரல் கொஞ்சம் நின்றது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், நடுக்கடலில் மிதந்துவந்த பெரிய மரக்கட்டை ஒன்று யூஜினின் படகை இடித்து அடிப்பலகையைப் பிளந்தது. எஞ்சின் அறையில் தண்ணீர் ஏறியது. படகில் எட்டுப் பேர். படகு நிற்கும் இடத்துக்குப் பெட்டி காட்டிய எண்ணை யூஜின் அப்படியே வயர்லெஸ்ஸில் கத்தினான்.

சிஜோதான் பக்கத்தில் இருந்தான். "பயப்படாதிய மச்சான், ஒண்ணரை மணிக்கூர்ல வந்துருவேன்."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் இடுப்பளவு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு படகையும் காணோம். தலைக்கு மேல் எத்தனையோ நாட்டுக் கோள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் மூழ்குவது ஒன்றுக்கும் தெரியாது. 'பாவி, செத்துப் போகட்டும்னு விட்டுட்டானே' என்று யூஜின் சபித்தான்.

அப்போது வயர்லெஸ் கரகரத்தது. "மச்சான், வந்துட்டேன். எங்க இருக்கிய? காணல்லியே!"

"நீ எங்கலே நிக்க?"

"நீங்க சொன்னதுக்கு அஞ்சு மினிட்டு மேக்க."

"அங்க எதுக்குலே போன?"

சிஜோ மெதுவாகச் சொன்னான்: "பெரியபார் ஊருக்கே தெரிஞ்ச எடம்லா மச்சான். உங்க நோட்டுல அதுவே அஞ்சு மினிட்டு கெழக்க கெடந்துது. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சு போச்சு. அக்கா மனசு நோவும்னு சொல்லல்ல. எல்லாரும் கேக்குத வயர்லெஸ்ஸுல இன்னைக்கும் அதே கணக்காத்தான் சொல்லியிருப்பியன்னு வந்தேன்."

கேட்டுக்கொண்டிருந்த ஆட்கள் ஏழு பேரும் யூஜினையே பார்த்தார்கள். படகு இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது.

"இன்னைக்குச் சொன்னது நெசம் மக்கா. மாதா மேல..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

"நெசந்தானா மச்சான்?"

"நெசந்தாம்லே, வா!" என்று கத்தினான் யூஜின். அந்தக் குரல் அவனுக்கே பொய்யாகக் கேட்டது.