ஆழமில்லாத பக்கம்

நீச்சல் குளத்தில் இறங்கும் முன்பே எனக்குக் குமட்டியது. உடை மாற்றும் அறையில் யாரோ பிய்த்துப் போட்ட பிளாஸ்திரி, சுருள் சுருளாக முடி, கால்விரல் இடுக்கில் ஏறும் கொழகொழப்பு. எனக்குப் பொதுவாகவே அருவருப்பு அதிகம். ஓட்டலில் தம்ளரை மூன்று முறை கழுவச் சொல்லுவேன். அப்பேர்ப்பட்டவன் ஊரார் ஊறிய தண்ணீரில் ஒன்றரை வயது மகனோடு இறங்க வந்திருந்தேன்.

எல்லாம் வீம்புதான். 1994 மே மாதம். பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து இறங்கும் வகுப்பு கோயம்புத்தூருக்குப் புதிது. என் ஜவுளிக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், ஞாயிறு முதல் ரைஹான் நீந்தப் போகிறான் என்று அளந்துவிட்டிருந்தேன். அன்று காலை பார்த்து என் மனைவி இஸ்மத், மாதாமாதம் ஊற்றுகிற விளக்கெண்ணெயை அவன் வாயில் ஊற்றிவிட்டாள்.

“இன்னைக்கு வேண்டாங்க. வயிறு இன்னும் அடங்கல” என்றாள்.

“ரெண்டு தடவை போயிட்டானல்ல? அவ்வளவுதான்” என்று சொல்லி, ஒன்றுக்கு இரண்டாக ஜட்டி மாட்டித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஆழமில்லாத பக்கத்தில் நாங்கள் ஐந்து பேர் இடுப்பளவு தண்ணீரில் வட்டமாக நின்றோம். பயிற்சியாளர் ராசப்பன் விசில் ஊதி, குழந்தைகளைக் கையில் ஏந்தி அசைக்கச் சொன்னார். ஒரு பெரிய மனிதர் வாய் நிறைய தண்ணீரை அள்ளிக் கொப்பளித்து உள்ளேயே துப்பினார். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரைஹான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டான்.

பக்கத்தில் நின்றவர் பெயர் பிரான்சிஸ். டெலிபோன் ஆபீசில் வேலை. அவர் மகள் யுவஸ்ரீ தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுடிதாரோடு இறங்கியிருந்த ஓர் அம்மா அவரை விசாரித்தார். என் கடையில் வாடிக்கையாகத் துணி எடுப்பவர்.

“ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?”

“அன்னூருங்க.”

“அன்னூருல எங்கீங்க? ஊருக்குள்ளயேவா?”

“இல்லீங்க. காலனிங்க.”

“அப்படீங்களா” என்றார் அந்த அம்மா, தேன் ஒழுக. பிறகு குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இரண்டு அடி தள்ளிப் போனார். கொப்பளித்த பெரிய மனிதரும் நகர்ந்தார். துப்பின தண்ணீரில் நிற்கலாம், இவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. சீ, என்ன மனிதர்கள் என்று நினைத்தேன். நான் நகரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பிரான்சிஸ் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ரைஹானைப் பார்த்து மீன்போல் வாயைக் குவித்து நீர்க்குமிழி விட்டார். அழுகை நின்றது. “தம்பி பயந்துக்கறான். கொஞ்சம் இப்படித் திருப்புங்க” என்று அவன் கையைப் பிடித்துத் தண்ணீரில் தட்டினார். ரைஹான் சிரித்தான்.

சிரித்தவன் முக்கினான். என் முன்கையில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. குனிந்து பார்த்தேன். மஞ்சளாக, நூல் நூலாக, பிரான்சிஸின் வயிற்றை நோக்கி மிதந்து போய்க்கொண்டிருந்தது.

“ஐயோ, அசிங்கம்!” என்று அந்த அம்மா அலறினார். எல்லோரும் விழுந்தடித்துக் கரையேறினோம். நான் முதலில் ஏறினேன். ஏறின கையோடு ரைஹானைத் துண்டில் இறுகச் சுற்றினேன்.

யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லார் பார்வையும் நேராகப் பிரான்சிஸிடம் போய் நின்றது.

“தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார் ராசப்பன். “பாப்பாவுக்கு இன்னும் பழக்கம் பத்தலையாட்ட இருக்குதுங்க. இனிக் கூட்டியார வேண்டாங்க.”

“எங்க பாப்பா இல்லீங்க” என்றார் பிரான்சிஸ். அத்தனை பேர் முன்னால் மகளின் ஜட்டியைக் கழற்றி விரித்துக் காட்டினார். ஒருவரும் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அவர் விரித்த துணியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். நான் சொல்ல வேண்டியது மூன்றே சொல்.

“குழந்தைங்கதானுங்களே, விட்டுருங்க” என்றேன்.

பெருந்தன்மையாகத்தான் ஒலித்தது. அந்த அம்மாகூடத் தலையாட்டினார். பிரான்சிஸ் ஜட்டியை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

உடை மாற்றும் அறையில் நாங்கள் இருவரும்தான். துண்டைப் பிரித்ததும் நாற்றம் குப்பென்று எழுந்தது. அவர் மகளுக்குக் கவுன் மாட்டிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னார்.

“உங்க பையனுதுன்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்.”

மகன் கழிந்தது எனக்கு அருவருப்பாக இல்லை. என்னைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அவர் போய்விட்டார். யுவஸ்ரீ அவர் தோளில் சாய்ந்து ரைஹானுக்கு டாட்டா காட்டினாள்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், வாசல்வரை நேரம் இருந்தது. வாசலில் ராசப்பன் நின்றார்.

“தண்ணிய மாத்திப்போடறோமுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம தம்பியக் கூட்டிட்டு வந்துருங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இனிமே ஆளப் பாத்துத்தான் சேக்கோணுமுங்க” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.